ஆலைச் சத்தத்தில் பிறந்த தாளம்

போன இதழில் ஜெர்மனியின் வெக்மார் ஊர்த் தண்ணீர் ஆலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த வாரப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

உலகத்தில் எத்தனையோ மாவு ஆலைகள். ஒரு சின்ன ஊர் ஆலைக்கு மட்டும் அப்படி என்ன விசேஷம்?
(திண்டுக்கல் வாசகர்)

அந்த ஆலையில் மாவுக்காகக் காத்திருந்த ஒரு ரொட்டிக்காரரின் எள்ளுப்பேரன்தான் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக். ரொட்டிக்காரரின் பெயர் ஃபைட் பாக். 16-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் வெள்ளை ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தவர். லூத்தர் வழிக் கிறிஸ்தவர் என்பதால் அங்கே இருக்க முடியாமல் போனது. சொத்தில் விற்க முடிந்ததை விற்றுக் காசாக்கிக்கொண்டு துரிங்கியாவுக்கு வந்து, கோத்தா நகருக்குப் பக்கத்தில் வெக்மாரில் குடியேறி, மறுபடியும் அடுப்பு மூட்டினார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: சிட்டர்ன் என்கிற சின்னக் கம்பி வாத்தியம். கோதுமை அரைக்கப் போகும்போதும் அதைக் கையோடு எடுத்துப்போய், கல் சுற்றச் சுற்ற வாசிப்பாராம்.

இதை எழுதி வைத்தவர் செபாஸ்டியன் பாக்கேதான். 1735-இல், லைப்சிக் நகரில், ஐம்பது வயதில், தன் குடும்பத்து இசைக்காரர்கள் 53 பேரை எண் போட்டு வரிசைப்படுத்தினார். பட்டியலில் அவருக்கு 24-ஆம் எண். முதல் எண்ணை ரொட்டிக்காரருக்குக் கொடுத்தார்.

ரொட்டிக்காரருக்கு ஆலையில் என்ன வேலை? கோதுமையைக் கொடுத்துவிட்டுப் போய், மாவானதும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?
(கோவை வாசகி)

போனால் யாருடைய கோதுமை யாருடைய மாவாகும்? அந்தக் காலத்தில் ஆலைக்காரர் கூலியைக் காசாக வாங்கவில்லை. தானியத்திலேயே ஒரு பங்கை அள்ளிக்கொள்வார். பதினாறில் ஒன்று என்பது பல இடங்களில் வழக்கம். அளவு மரக்கால் எவ்வளவு நிரம்புகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். வரிசை வேறு. முதலில் வந்தவருக்கே முதலில் அரைத்துத் தர வேண்டும் என்பது ‘சாக்சன்ஷ்பீகல்’ என்ற 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூலிலேயே இருக்கிற விதி. ஆலையில் காத்திருக்கும் வாடிக்கையாளரை ஜெர்மன்காரர்கள் ‘மால்காஸ்ட்’ என்பார்கள். அரைக்க வந்த விருந்தாளி என்று பொருள். விருந்தாளிக்கு மூட்டைதான் ஆசனம். ஃபைட்டுக்கு மடியில் வாத்தியமும் இருந்தது.

ஆலை இரைச்சலில் வாத்தியம் எப்படிக் கேட்கும்?
(திருவையாறு வாசகர்)

நல்ல கேள்வி. அந்த இரைச்சலுக்குள் ஒழுங்கான ஒரு தாளம் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

வெளியே தண்ணீர் சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரத்தின் அச்சு சுவரைத் துளைத்து உள்ளே வந்து, பல்சக்கரம் வழியாகக் கல்லைச் சுற்றுகிறது. நம் திரிகை மாதிரிதான்: கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். பல்சக்கரங்களின் தயவால், வெளியே சக்கரம் நிதானமாகச் சுற்றினாலும் உள்ளே கல் அதைப்போலப் பல மடங்கு வேகமெடுக்கும். கல்லுக்கு மேலே கூம்பு வடிவத்தில் தானியத் தொட்டி. அதன் அடியில் சரிவாகத் தொங்குகிறது ஒரு மரத்தட்டு. மேல்கல்லோடு சேர்ந்து சுழலும் தண்டில் முனைகள் இருக்கும். ஒவ்வொரு முனையும் கடந்து போகும்போது தட்டை இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சம் தானியம் கல்லின் நடுத்துளையில் விழும். முனை மூன்று என்றால் ஒரு சுற்றுக்கு ‘தகிட’. நான்கு என்றால் ‘தகதிமி’. மாவு சலிக்கும் துணியை உதறும் கட்டை தன் பங்குக்கு இன்னொரு தட்டு தட்டும்.

மடையில் தண்ணீர் கூடினால் காலம் கூடும், குறைந்தால் இறங்கும். கூட வாசிப்பவர் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாக வேண்டும். சிட்டர்னுக்கு உலோகக் கம்பி, கணீரென்று ஒலிக்கும், மரச்சத்தத்தில் அமுங்கிவிடாது. தொட்டியில் தானியம் தீர்ந்தால் ஒரு சின்ன மணி அடிக்கும் ஏற்பாடும் பல ஆலைகளில் உண்டு.

அந்தச் சத்தமும் கம்பியிசையும் சேர்ந்து இனிமையாகத்தான் இருந்திருக்கும், காலப்பிரமாணத்தை அவர் அங்கேதான் கற்றிருப்பார், எங்கள் வம்சத்து இசைக்கு இதுவே ஆரம்பம் மாதிரி என்று பாக் சொல்கிறார். தாளத்தில் அத்தனை கறாரான ஒருவர் இப்படிச் சொல்வதை நான் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை நன்றாக இருக்கிறது. நிஜமா?
(தஞ்சாவூர் வாசகர்)

ஃபைட் இறந்தது 1619. பாக் எழுதியது 1735. நடுவில் 116 வருடம். தலைமுறை தலைமுறையாக வீட்டில் சொல்லி வந்த கதை. ஆனால் முன்னோர் பெருமைக்காகப் புளுகுகிறவர் ஒரு பிரபுவையோ படைத்தலைவரையோ கொண்டுவந்து நிறுத்துவார். மாவுக்காகக் காத்திருக்கும் அகதியை நிறுத்த மாட்டார். நான் நம்புகிறேன்.

பாக் என்ற சொல்லுக்கு அர்த்தம்?
(விருதுநகர் மாணவி)

ஓடை.

ஆலைக்காரர்கள் என்றாலே திருடர்கள் என்று ஜெர்மனியில் பெயராமே?
(சேலம் வாசகர்)

கிராமத்துக்கு ஒரே ஆலை, அதில்தான் அரைக்க வேண்டும் என்று நிலப்பிரபுவின் கட்டாயம், அளக்கிறவரே கூலியையும் எடுத்துக்கொள்கிற முறை. இத்தனையும் சேர்ந்தால் நல்லவர் மேலும் சந்தேகம் விழும். பிரஷ்யாவில் இந்தக் கட்டாயம் ஒழிய 1810 ஆனது. பல ஊர்களில் ஆலைக்காரர் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்கவே மாட்டார்கள். அது கூடாது, இவர்களைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று 1548-இல் பேரரசின் ஆணை வந்தது. அந்த ஆணை பெயர் சொல்லிக் குறிப்பிடும் தொழில்களில் ஆலைக்காரரும் உண்டு, குழலூதுகிறவரும் உண்டு. மாவு அரைத்தவரையும் இசை வாசித்தவரையும் ஒரே வரிசையில் ஒதுக்கி வைத்திருந்த சமூகம் அது. அங்கிருந்துதான் பாக் குடும்பம் எழுந்து வந்தது. எனக்கு இந்தச் செய்தி சிட்டர்ன் கதையைவிட முக்கியமாகப் படுகிறது.

ஃபைட்டுக்குப் பிறகு?
(நாகர்கோவில் வாசகி)

மகன் ஹான்ஸ் முதலில் கற்றது ரொட்டித் தொழில். இசையில் பித்து இருந்ததால் கோத்தாவில் நகர வாத்தியக்காரரிடம் படிக்க அனுப்பினார்கள். வயலினோடு ஆர்ன்ஷ்டாட், எர்ஃபுர்ட், ஐசனாக் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். 1626-இல் கொள்ளைநோயில் போய்விட்டார். பின்னால் எர்ஃபுர்டில் இந்தக் குடும்பம் எவ்வளவு வேர்விட்டதென்றால், பாக் வீட்டார் யாரும் அங்கே இல்லாமல் போன பிறகும் நகர வாத்தியக்காரர்களை ‘பாக்’ என்றே ஊரார் அழைத்தார்கள்.

இளையராஜா ரசிகன் நான். அவருக்கும் இந்தப் பாக்குக்கும் தொடர்பு உண்டல்லவா?
(தேனி வாசகர்)

உண்டு. 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அடுத்த முறை கேட்கும்போது அந்தக் கோதுமை மூட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆலைகளின் தடுப்பணைகள் மீன்களின் வழியை மறிக்கின்றன என்று இடிக்கச் சொல்கிறார்களே, சரியா?
(சிதம்பரம் வாசகர்)

மீன்களின் வழக்கு நியாயமானது. ஆறுகளில் மீன் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் தடுப்பை எடுத்தால் மடைக்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத ஆலை வெறும் மரச்சாமான். பக்கத்தில் மீன் ஏறப் படிவாய்க்கால் வெட்டலாம். செலவுதான், செய்ய வேண்டிய செலவு. நீராவியும் உருளை ஆலைகளும் வந்து ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் மூடியாயிற்று. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் சட்டம் போட்டு, ஆலையை மூடுகிறவர்களுக்குப் பணமே கொடுத்தார்கள். மிச்சமிருப்பதையாவது ஓடவிட வேண்டும்.

வெக்மார் ஆலையை இன்றும் பார்க்க முடியுமா? எப்போது போகலாம்?
(சென்னை வாசகி, மகன் ஜெர்மனியில் படிக்கிறார்)

முடியும். ஊரின் மேல் ஆலை இன்று ஃபைட் பாக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்பத்தின் பூர்வீக வீடும் அதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வெக்மார் தூரமென்றால், பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை மகனைப் பக்கத்தில் எந்த ஆலைக்காவது போகச் சொல்லுங்கள். அது ஜெர்மனியின் ஆலை நாள். 1994 முதல் வருடந்தோறும் நூற்றுக்கணக்கான ஆலைகள் அன்று கதவைத் திறந்துவைக்கின்றன. கல் சுற்றத் தொடங்கியதும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். தண்டில் முனை மூன்றா நான்கா என்று காதே சொல்லிவிடும்.