சனி எந்த வீட்டில் குடியிருக்கிறார்?

அக்காள் மகளுக்கு வரன் பார்க்க வடசேரிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் போனோம். மிதுன லக்னம், 27 பாகை. தனுசில் 5 பாகையில் சனி. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏழுல சனி இருக்கான். கல்யாணம் தாமசம்தான், பாத்துக்கிடுங்க" என்றார்.

அடுத்த வாரம் இன்னொருவர், கே.பி. முறைக்காரர். கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த அந்த முறையில், 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி பிளாசிடஸின் கணக்குப்படி வீடுகளைப் பிரிப்பார்கள். ஏழாம் வீடு தனுசு 27-இல்தான் தொடங்குமாம். சனி ஒரே வாரத்தில் ஆறாம் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆறு என்றால் கடன், நோய், எதிரி. "அப்போ வாறது மாப்பிள்ளையா, கடன்காரனா?" என்றாள் அக்காள்.

வீடு 12, உடையவர்களோ 7 பேர். சூரிய சந்திரருக்கு ஒவ்வொன்று, மற்ற ஐவருக்கும் இரண்டிரண்டு. ராகு கேது வாடகைக்கு. மிதுனத்துக்கு ஏழுக்கும் பத்துக்கும் குருவே அதிபதி என்பதால், வேலை கிடைத்தபின் வரன் என்றார் முதலாமவர். வரன் வந்தபின் வேலை என்றார் இரண்டாமவர்.

நாஞ்சில் நாட்டுக்கு இதெல்லாம் புதிதா? மருமக்கள்வழிக் காலத்தில் வீட்டில் வளர்ந்தவன் மகன், சொத்துக்கு உடையவன் மருமகன். 1956 நவம்பர் 1 அன்று விழித்தபோது வீடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தது. திண்ணையில் கிடந்த நார்க்கட்டில்கூட நகரவில்லை.

மருமகள் மட்டும் கேட்டாள்: "சனி எங்க வேணும்னாலும் இருக்கட்டும் மாமா. மாமியார் எந்த வீட்டுல இருப்பாங்க?"