காரைக்காலுக்கு வராத லைட் பென்

கேட்ட மாத்திரத்தில் புனிதவதியார் கையில் மாங்கனி வந்து விழுந்த ஊர் காரைக்கால். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஊருக்கு நேரம் கூடிவரவில்லை.

1739-ல் வந்து உட்கார்ந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1956-ல் போட்ட ஒப்பந்தத்தை அவர்கள் பாராளுமன்றம் ஏற்றுக்கொள்ள 1962 ஆகிவிட்டது. அத்தனை இழுத்தவர்கள் இன்னொரு இருபத்து மூன்று வருஷம் இழுத்திருக்கக் கூடாதா?

ஏனென்றால், 1985 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் லோரான் ஃபாபியுஸ் ‘எல்லாருக்கும் கம்ப்யூட்டர்’ என்று அறிவித்தார். பள்ளிகளுக்கு 1,20,000 கம்ப்யூட்டர்கள். பெரும்பாலும் தாம்சன் கம்பெனியின் எம்.ஓ.5, டி.ஓ.7 என்ற எட்டு பிட் பெட்டிகள். தாம்சனை 1982-லேயே அரசு எடுத்துக்கொண்டிருந்தது. சொந்தக் கம்பெனி சரக்கு விலைபோக வேண்டாமா? கூடவே லைட் பென்: டி.வி. திரையிலேயே பேனாவை வைத்துக் கோடு போடலாம். பெட்டியைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். சிப் மோட்டோரோலா 6809, பேசிக் மொழி மைக்ரோசாஃப்ட். நெப்போலியனின் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் ‘பிரிண்ட்’ என்று தட்டினார்கள். லோகோ என்ற புரோகிராம் மொழியின் ஆமை ஒன்றுதான் மானம் காத்தது. ‘அவான்ஸ்’ (முன்னே போ) என்று பிரெஞ்சில் சொன்னால் நகர்ந்தது.

இந்தப் பக்கம் டெல்லி சர்க்கார் 1984-ல் ‘கிளாஸ்’ திட்டம் தொடங்கி, முதல் கட்டமாக நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. எந்தக் கம்ப்யூட்டர்? பி.பி.சி. மைக்ரோ! 1760-ல் காரைக்காலைப் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அதே பிரிட்டிஷ்காரன், ஏகார்ன் கம்பெனி அட்டைப்பெட்டியில் ஏறி மறுபடி நாட்டுக்குள் வந்துவிட்டான்.

மெஷின் கெட்டி, அதில் சந்தேகமில்லை. பேசிக்குக்குள்ளேயே அசெம்ப்ளர் வைத்த புண்ணியவான்கள் அவர்கள். ஆனால் இருப்பதே 32 கிலோபைட் நினைவகம். நுணுக்கமாகப் படம் காட்டும் மோடுக்குப் போனால் திரை மட்டுமே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். வாடகைக்குப் பிடித்த வீட்டில் பாதிக்கு மேல் ஓனரின் பீரோ நிற்கிற கதை. அதனால் விவரம் தெரிந்தவர்கள், ஒரே கிலோபைட்டில் அடங்கும் மோடு 7-ல் குடித்தனம் நடத்தினார்கள்.

இப்போது தாம்சன் ஆசையும் தீர்ந்துவிடும். டிசிமோட்டோ என்ற இலவச எமுலேட்டரை இறக்கினால் எம்.ஓ.5 லேப்டாப்பிலேயே ஓடும். கையேடெல்லாம் பிரெஞ்சு. ஆனால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ தாத்தாக்களுக்கு ஊரில் பஞ்சமா? உட்கார வைத்துப் படிக்கச் சொன்னால் ஆயிற்று. புரோகிராம் பிழை காட்டும்போது தேவைப்படும் வார்த்தைகளையும் பட்டாளத்திலேயே கற்றுவந்திருப்பார்கள்.