பத்தாயிரத்துக்குள் ஒரு கடல்

நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள் சாதுவான பிறவிகள். கொளத்தூருக்குப் போவார்கள், ஒரு ஜோடி கப்பி வாங்குவார்கள். அது குட்டி போட்டுப் பெருகியதும் பாலிதீன் பையில் கட்டி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. கப்பி அலுத்துப்போய், "மெரைன் டேங்க் வைக்கப் போறேன் சார், பத்தாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று கிளம்புகிறாரே, அவர்.

கடையில் அவரை எளிதாக அடையாளம் காணலாம். ஸ்கிம்மர் வேணும் சார், வேவ்மேக்கர் வேணும், உப்பு அளக்க மீட்டர் வேணும், கோடைக்குச் சில்லர் வேணும் என்று கடைக்காரர் அடுக்க அடுக்க, நம்மாள் முகத்தில் புன்னகை விரியும். ஏமாற்றப் பார்க்கிறார்கள், நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற புன்னகை. பணத்தை மிச்சம் பிடிப்பதில்கூட அவருக்கு அவ்வளவு ருசியில்லை. கடைக்காரரை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சிக்கனம், தொட்டியின் அளவு. இரண்டடித் தொட்டி, ஐம்பது லிட்டர் சொச்சம். சின்னத் தொட்டி என்றால் சின்னச் செலவு என்பது அவர் கணக்கு. ஆனால் கடலின் பலமே அதன் அளவுதான். ஒரு மீன் செத்தால் வங்காள விரிகுடாவுக்குத் தெரியவே தெரியாது. ஐம்பது லிட்டருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

இரண்டாவது சிக்கனம், உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இரண்டு கிலோ போதும். அதற்கு வெளிநாட்டுப் பாக்கெட்டா? "தூத்துக்குடியை வெச்சுக்கிட்டு நான் எதுக்கு அமெரிக்கா உப்பு வாங்கணும்?" என்று நாட்டுப்பற்றோடு கேட்பார். கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் உப்பளத்தில் சுண்ணாம்புச் சத்து முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும், பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியம் பெரும்பாலும் மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கையில் கிடைக்கும் கல்லுப்பு ரசத்துக்கு உத்தமம். கடல் மீனுக்குப் பத்தாது.

இதைத் தெரிந்துகொண்டதும் அவர் எலியட்ஸ் பீச்சுக்குக் கிளம்புவார். விடியற்காலை, முழங்கால் தண்ணீரில், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இருபது லிட்டர் கேனை அமுக்கிப் பிடித்திருப்பார். கேன் உள்ளே போகாமல் திமிறும். அலை பின்னால் வந்து முதுகில் அறையும். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாரு சார் தவறிட்டாங்க?" என்பார். நெமோ மீனுக்குத் தண்ணீர் பிடிக்கிறேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? "தூரத்துச் சொந்தம்" என்று முடித்துக்கொள்வார். பக்கத்திலேயே அடையாறு கடலில் கலக்கிறது என்பதும், கூடவே என்னென்ன கலக்கிறது என்பதும் கேனைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும். கடைசியில் பாக்கெட் உப்பு வரும். கேனில் வந்த கடல் வாசல் தெளிக்கப் போகும்.

தண்ணீர் தயார் என்றாலும் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவு அமோனியா. அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அவை சாப்பிட ஏதாவது அழுக வேண்டும். மார்க்கெட்டில் வாங்கிய பச்சை எறா ஒன்றைத் தொட்டியில் போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இதற்குள் ஊரெல்லாம் செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை மாமனார் கடல் பார்க்க வந்துவிடுவார்.

"என்ன மாப்ள, எறா ஒண்ணு அசையாம கெடக்கு?"

"அழுகப் போட்டிருக்கேன் மாமா."

மாமனார் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்ப்பார். பிறகு மகளைப் பார்ப்பார். "கிலோ என்ன விலை?" என்பார்.

அமோனியா பார்க்கும் சோதனைக் குழாய் இன்னொரு கூத்து. திரவம் மஞ்சளாக இருந்தால் பாஸ், பச்சைப் பக்கம் சாய்ந்தால் ஃபெயில். பால்கனி வெளிச்சத்தில் குழாயை வெள்ளை அட்டைமேல் வைத்துக்கொண்டு, மஞ்சள் மாதிரிதான் இருக்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். போகிற போக்கில் எட்டிப்பார்த்த மனைவி, "மஞ்சளா? அது பிஸ்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். முப்பது வருஷம் புடவைக்கடை ஏறி இறங்கிய கண். அப்பீலே கிடையாது.

வெறும் தொட்டியை வைத்துக்கொண்டு இருக்கும் இந்தக் காலத்தில்தான் அவர் அறிஞராகிறார். ராமேஸ்வரம் போகிறவரைக் கூப்பிட்டு, "பவளக்கல் எதையும் எடுத்துட்டு வந்துடாதீங்க. 2001-லயே வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கற முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க" என்பார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெமோவைக் குஞ்சு பொரிக்க வைத்ததைச் சொல்வார். அந்த இனத்தில் பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும், ஆகவே 2003-ல் வந்த நெமோ படத்தில் அந்த அப்பா மீன் அம்மாவாகியிருக்க வேண்டும் என்று கல்யாணப் பந்தியில் விளக்குவார். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை அவசரமாகக் குடிப்பார்.

பிறகு மே மாதம். தொட்டிக்கு 26 டிகிரி வேண்டும், சென்னை 32 தரும். சில்லர் விலை தொட்டியைப்போலப் பல மடங்கு. ஆகவே டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பி வைப்பார். இது மட்டும் உண்மையிலேயே நல்ல யோசனை, ஓரிரண்டு டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கும் போகாது. குறைந்த அளவுக்கு அவர் உப்புத் தண்ணீரையே ஊற்றுவார். சில வாரங்களில் ஹாலில் சின்னதாக ஓர் உப்பளம் தயாராகிவிடும். இனி நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று தெரிந்ததும் ஆர்ஓ மெஷின் வரும். கரண்ட் போனால் பம்ப் நிற்குமே என்று இன்வெர்ட்டர் வரும்.

முதல் மீன் எதுவென்று கேட்கவே வேண்டாம், இருப்பதில் மலிவான நீல டேம்சல். சாகாது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உண்மை, சாகாது. பின்னால் ஆசையாக வாங்கிவிட்ட நெமோவை மூலைக்கு மூலை துரத்தும். அதைப் பிடிக்க வேண்டுமானால் தொட்டியிலுள்ள கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். "பத்தாயிரத்துக்குள்ளதான்" என்பார். பொய்யில்லை. ஆர்ஓ குடும்ப ஆரோக்கியக் கணக்கு, இன்வெர்ட்டர் பிள்ளையின் படிப்புக் கணக்கு, கரண்ட் பில்லுக்கு அரசாங்கம் பொறுப்பு.

உங்களுக்கு ஒரு வார்த்தை. இவர் சீக்கிரமே நாலடித் தொட்டிக்கு மாறுவார். அப்போது பழைய இரண்டடித் தொட்டியை, டேம்சலோடு சேர்த்து, உங்களுக்கு இனாமாகத் தருவதாகச் சொல்வார். வாங்கிவிடாதீர்கள்.