தூக்கத்துக்குத் தனிக் கட்டணம்

(நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. பெற்றோர் சந்திப்பு நாள். வரிசை நகரவில்லை. பிளஸ் ஒன் மாணவனின் அப்பாவும் அதே பள்ளிக்கு வேன் ஓட்டுபவரும் வேப்ப மரத்தடியில் ஒதுங்குகிறார்கள்.)

அப்பா: பிள்ளைக்காக நாங்க பண்ணாத தியாகம் இல்லை. கேபிளைத் துண்டிச்சாச்சு. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறதில்லை. அவன் அம்மா செவ்வாயும் வெள்ளியும் விரதம்.

வேன்காரர்: சரிங்க சார். தம்பி என்ன பண்றானுங்க?

அப்பா: படிக்கிறான், வேறென்ன? காலையில நாலு மணிக்கு எழுப்பிடுவேன். ஆறரைக்கு உங்க வேன். ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் டியூஷன். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நானே எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

வேன்காரர்: நான் முன்னாடி முட்டை லாரி ஓட்டினேனுங்க. பண்ணையில கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் குடுப்பாங்க. மிச்ச எட்டு மணி நேரம் விளக்கை அணைச்சுருவாங்க. கோழி தூங்கலீன்னா முட்டை கொறையுமுங்க.

அப்பா: கோழி என்ன நீட் தேர்வா எழுதப் போகுது?

வேன்காரர்: இல்லீங்க. அதனாலதான் தூங்க உடறாங்களாட்டம் இருக்குது.

அப்பா: ஸ்கூலும் சும்மா இல்லை தெரியுமா? ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் வாட்ஸ்ஆப்ல மார்க் வந்துடும். போன மாசம் கணக்குல 38. ஒரு வாரம் அவன்கிட்ட நான் பேசவே இல்லை. ஊக்கப்படுத்தறதுல நான் கில்லாடி.

வேன்காரர்: எந்தக் கணக்குல தப்புப் பண்ணினான்னு வந்துச்சுங்களா?

அப்பா: அதெல்லாம் எதுக்கு? ‘வீட்டில் கூடுதல் கவனம் தேவை’ன்னு போட்டிருந்தாங்க. நானும் விடலை. ‘பள்ளியில் கூடுதல் கவனம் தேவை’ன்னு பதில் போட்டேன்.

வேன்காரர்: ரெண்டு பக்கமும் கவனம்தானுங்க. பத்தாவதுல மஞ்சக்காமாலை வந்து தம்பி படுத்திருந்தப்ப முக்கோணவியல் நடத்தி முடிச்சுட்டாங்களாம். அதுக்கப்பறம் யாரும் அதைச் சொல்லிக் குடுக்கலியாம்.

அப்பா: இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேன்காரர்: கேட்டேனுங்க. சொன்னான்.

அப்பா: என்கிட்ட சொல்லலையே!

வேன்காரர்: மார்க்கு எவ்வளவுன்னு நீங்க கேட்டிருப்பீங்க. அதைச் சொல்லியிருப்பான்.

அப்பா: உங்க பொண்ணும் படிக்குதில்ல?

வேன்காரர்: பிளஸ் டூங்க, அரசுப் பள்ளி. அங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் இருக்கறேன். குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுதுங்க.

அப்பா: கூடி உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மார்க்குன்னு பேசுவீங்களாக்கும்?

வேன்காரர்: பொம்பளப் புள்ளைக கக்கூஸ்ல தண்ணி வரலீங்க. மாசா மாசம் நாலு நாள் லீவு போட்டுட்டு இருந்தாங்க. அதைப் பேசினோம். குழாயைச் சரி பண்ணினதும் லீவு கொறைஞ்சுது. கணக்கு வாத்தியார் இடம் காலியா இருந்துச்சு. நச்சரிச்சு, தற்காலிகமா ஒருத்தரைப் போட வெச்சோம்.

அப்பா: காலியாவே கிடந்துச்சா! எங்க ஸ்கூல்ல கணக்குக்கு மட்டும் மூணு வாத்தியார்.

வேன்காரர்: மூணு பேரும் பிளஸ் டூ கணக்குத்தான் நடத்தறாங்க. தம்பிக்கு வேண்டியது பத்தாவது கணக்குங்க.

அப்பா: பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே எடுத்துட்டாங்களே. இனி ரெண்டு வருஷமும் பிளஸ் டூதான்!

வேன்காரர்: பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கறாங்கன்னுதானுங்க 2018-ல அந்தத் தேர்வையே கொண்டாந்தாங்க. நீட்டுல பிளஸ் ஒன் பாடமும் வருமே?

அப்பா: அதுக்குத்தான் கோச்சிங் சேர்த்து, தனியா ஃபீஸ் கட்டியிருக்கேன். ஸ்கூல்ல விட்டதை அங்க பிடிப்பாங்க.

வேன்காரர்: விடறதுக்கு ஒரு ஃபீஸ், பிடிக்கறதுக்கு ஒரு ஃபீஸுங்களா?

அப்பா: போட்டி அப்படி! மாநில ரேங்க் அறிவிக்கறதை அரசாங்கம் 2017-லயே நிறுத்திடுச்சு. நான் நிறுத்தலை. எங்க தெருவுக்கு நானே ரேங்க் போட்டு வெச்சிருக்கேன். இவன் ஏழாவது.

வேன்காரர்: தெருவுல எத்தனை பசங்க சார்?

அப்பா: ஏழு.

வேன்காரர்: ஒருவேளை தவறினாலும் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதிக் காலேஜ் போயிரலாமுங்க. அதைத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை...

அப்பா: ‘துணைத்தேர்வு’ங்கற வார்த்தைக்கே எங்க வீட்ல தடை! சொன்னா அபசகுனம்.

வேன்காரர்: சரிங்க. மனசு ரொம்பச் சோர்ந்து போச்சுன்னா 14417-க்குப் போன் பண்ணச் சொல்லலாமுங்க. பள்ளிக்கல்வித் துறை உதவி எண். ஆலோசனை சொல்லுவாங்க.

அப்பா: போன் பீரோவுல இருக்கு. சாவி என் இடுப்புல.

வேன்காரர்: அப்ப இடுப்புகிட்டத்தான் ஆலோசனை கேக்கணும்.

அப்பா: கிண்டல் இருக்கட்டும். ஒரு உதவி பண்ணுங்க. காலையில வேன்ல நாற்பது நிமிஷம் வீணாப் போகுது. பாட்டை நிறுத்திட்டு இயற்பியல் சூத்திரத்தை ஸ்பீக்கர்ல போடுங்க. பென் டிரைவ் நான் தர்றேன்.

வேன்காரர்: நான் பாட்டே போடறதில்லீங்க. அந்த நாற்பது நிமிஷம்தான் புள்ளைக தூங்குதுக. தம்பி உங்க டிபன் டப்பாவைத் தலைக்கு வெச்சுத் தூங்குவான்.

அப்பா: என்னது, தூங்கறானா?

வேன்காரர்: இந்த வயசுக்கு எட்டுலேருந்து பத்து மணி நேரம் தூங்கணுமுங்க. எங்க பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்த டாக்டர் சொன்னாரு. தூக்கம் கெட்டாப் படிச்சது நிக்காதாம்.

அப்பா: (யோசித்து) தூங்கினா மார்க் ஏறுமா?

வேன்காரர்: ஏறுமுங்க.

அப்பா: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! எங்க சொல்லித் தர்றாங்க? வார நாள் பேட்ச் இருக்கா, கிராஷ் கோர்ஸா?

வேன்காரர்: உங்க ஊட்லயே நடத்தலாமுங்க. பத்து மணிக்கு விளக்கை அணைச்சுட்டு நீங்களும் படுத்துக்கங்க.

அப்பா: ஃபீஸ்?

வேன்காரர்: ஒண்ணுமில்லீங்க.

அப்பா: (முகம் சுண்டி) அப்ப அது நல்ல கோச்சிங்கா இருக்காது.