கழுகு நேரத்துக்கு வந்த ஊர்

செங்கல்பட்டுக்காரரிடம் ஊர்ப் பெருமை கேட்டால் கோட்டையைச் சொல்வார், கொளவாய் ஏரியைச் சொல்வார், 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதைச் சொல்வார். கொஞ்சம் பழகிய பிறகுதான் உண்மையான பெருமை வெளியே வரும்: "எங்களுக்கு லோக்கல் இருக்கு."

சென்னைக் கடற்கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மின்சார ரயில் வந்து நிற்கிற ஊர். பொங்கல் முடிந்து திரும்பும் கார்கள் பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, லோக்கலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் சீசன் டிக்கெட்காரர் அவற்றைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கே ரயில்வே தனிக் கட்டணம் வசூலிக்கலாம். 2025 ஏப்ரலில் ஏசி லோக்கலும் வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய். வியர்ப்பதற்கு இவ்வளவு நாள் ரயில்வே காசு கேட்கவில்லை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இந்தப் பெருமையெல்லாம் ஸ்டேஷன் படிக்கட்டோடு சரி. கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் மாமல்லபுரம் இருக்கிறது. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர். ஐந்து ரதங்கள் உண்டு, ரயில் கிடையாது. ரதங்களும் ஏழாம் நூற்றாண்டில் வேலை முடியாமல் விடப்பட்டவைதான் என்பதால் இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஓய்வு பெற்ற செங்கல்பட்டுக்காரர் ஒருவருக்கு இதிலெல்லாம் குறையே இல்லாமல்தான் இருந்தது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மச்சான் விடுமுறையில் வரும்வரை.

பெர்த்துக்குத் தெற்கே மாண்டுரா என்றொரு கடற்கரை ஊர். அங்கே 2007 டிசம்பரில் சுமார் எழுபது கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தார்கள். கணிசமான தூரம் விரைவுச் சாலையின் நட்டநடுவில் ஓடுகிறது. மர்டாக் போன்ற நிலையங்களில் ரயில் கீழே, பேருந்து மேலே. ரயில் வரும் நேரத்தை ஒட்டித்தான் பேருந்து நேரமே போடுகிறார்கள்.

"ரயில விட்டு எஸ்கலேட்டர்ல ஏறினா, பஸ் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கும், மாமா."

"டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பாரு, மச்சான்."

அந்த ரயிலில் மத்தியானத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்று கேட்டபோது மாமா பொறாமைப்படவில்லை. காலி சீட்டோடு ஓடினால் இழுத்து மூடிவிடுவார்களே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். மச்சான் விடவில்லை. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து எங்கே போனாலும் ஐம்பது சென்ட்தான் கட்டணம் என்றார். நம்ம காசுக்கு ஏறத்தாழ முப்பது ரூபாய். உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது: "இங்க எனக்கு அதுவும் இல்லடா." 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த ஒரு சுற்றில் தமிழ்நாடு ஜெயித்தது.

அடுத்த சுற்று, மாமல்லபுரம் போவது. இங்கேதான் வம்சாவளி புரிய வேண்டும். ரயில் தெற்கு ரயில்வேயுடையது. தாம்பரத்திலிருந்து போகும் 515, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் 599 இரண்டும் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்துகளில் பல விழுப்புரம் கோட்டம். ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத பங்காளிகள் இவர்கள். லோக்கல் பத்து நிமிஷம் தாமதம் என்றால் பேருந்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் காத்திருக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. பஞ்சாயத்துப் பேசுவதற்காகவே கும்டா என்ற போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் போட்டார்கள். குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. அதன் பலனாக 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்து, பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் கிடைக்கிறது. நல்ல காரியம்தான். டிக்கெட்டுகள் பேசத் தொடங்கிவிட்டன, வண்டிகள்தான் பாக்கி.

இந்த மாமல்லபுரம் வழித்தடத்தில் நேரம் தவறாத சேவை ஒன்று இருந்தது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போகும். மஞ்சள் முகப் பாறு என்ற இனம். காசியையும் இராமேசுவரத்தையும் தொட்டு தினமும் இவ்வழியே போய்வருகின்றன என்பது ஊர் நம்பிக்கை. பல தலைமுறை ஓடிய அந்தச் சேவையும் 1990-களின் கடைசியில் நின்றுபோனது.

லோக்கல் போகிற வழியிலுள்ள கிளாம்பாக்கத்தின் கதை வேறு. 2023 டிசம்பர் 30 அன்று 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறந்தார்கள். எதிரே ஜிஎஸ்டி சாலை, அதைத் தாண்டினால் தண்டவாளம். அன்று லோக்கல் அந்தப் பக்கம் போனது, ஆனால் நிற்கவில்லை. நிற்பதற்கு நிலையம் இருக்கவில்லை. முனையத்தைத் திறந்த பிறகுதான் நிலையம் கட்டத் தொடங்கினார்கள். 2024 முழுக்க மூட்டை முடிச்சோடு ஜனங்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி ஆட்டோவோடு பேரம் பேசினார்கள். விமான நிலையத்திலிருந்து இங்கே பதினைந்தரை கிலோமீட்டர் மெட்ரோவுக்கும் திட்டம் இருக்கிறது. வீட்டைக் கட்டிவிட்டு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசிக்கிற துணிச்சல் பெர்த்காரர்களுக்கு வராது.

மாமல்லபுரத்துக்கு ரயிலே இல்லை என்று சொன்னதுகூட முழு உண்மையல்ல. காகிதத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் பாதை, 2008 வாக்கில் ஒப்புதலானது. மாண்டுரா பாதை ஓடத் தொடங்கிய அதே காலம். இடையில் சில பட்ஜெட்களில் இதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். கோடி விட்டுப்போகவில்லை, வெறும் ஆயிரம். திட்டம் செத்துவிடாமல் இருக்க வைத்த கணக்கு அது. கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் வருகிறது. மச்சான் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். மாமாவுக்கோ அது சாதாரணம்; மொய் எழுதுவதில் பழகிய கை.

இத்தனைக்கும் மாமல்லபுரத்துக்கு ஒரு காலத்தில் சாலையைவிட நல்ல வழி இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் இரவு படகு ஏறிப் படுத்தால் காலையில் பல்லவர் பூமி. பிறகு கால்வாய் தூர்ந்தது. சென்னைக்குள் அதே கால்வாய்மீது தூண் நட்டுத்தான் பறக்கும் ரயிலை விட்டார்கள். 2007-இல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர் வேலை 2008-இல் ஆரம்பித்து, 2024 முடிந்தபோதும் ரயில் ஓடவில்லை.

புதுப் பாதை வரட்டும், வேண்டாம் என்பார் யார்? அதற்குள் செங்கல்பட்டில் லோக்கல் வரும் நேரத்தைக் கேட்டு மாமல்லபுரம் பேருந்தை எடுக்கச் சொன்னால் போதும். நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். ஆயிரம் ரூபாயிலேயே செய்துவிடலாம்.

2025 மாநில பட்ஜெட்டில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் வேக ரயிலுக்கு ஆய்வு செய்வதாக அறிவித்தார்கள். மச்சான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டு வர அரை மணிகூட ஆகாது என்றார்.

"மிச்சமாகிற நேரத்த என்ன பண்றது?" என்றார் மாமா.

"பஸ்ஸுக்கு நிக்கறது," என்றார் அக்கா, முறுக்குத் தட்டை நீட்டியபடி.