கைதட்ட விடுகைப் பத்திரம் வேண்டுமா?

வடக்கின் பெரும் சமரில் மோதுவது யாழ்ப்பாணத்தின் இரண்டு கல்லூரிகள். நெடுங்கேணிக்காரருக்கு அங்கே என்ன வேலை?
*ஒரு ரசிகர், நெடுங்கேணி*

கைதட்டுவதற்கு விடுகைப் பத்திரம் கேட்கும் மைதானம் எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியே வடக்கின் பெரும் சமர் எனப்படுகிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய பழைய மாணவர்கள் மார்ச் மாத வெயிலில் வந்து அமரும் பந்தலுக்கு, புளியங்குளம் சந்தியில் பேருந்து ஏறி வருபவரும் உரித்துடையவரே.

அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்டப் பகைமைக்கு நமது சமர் ஈடாகுமா?
*அதே ரசிகர்*

வயதில் அவர்கள் மூத்தவர்கள்: ஹாவாட், யேல் பல்கலைக்கழகங்களின் முதல் ஆட்டம் 1875இல் நடந்தது. உறுதியில் யார் மூத்தவர் என்பதே கேள்வி. இரு உலகப் போர்களின்போதும் அவர்களுடைய போட்டி சில ஆண்டுகள் நின்றது உண்மையே. ஆனால் அப்போர்கள் கடலுக்கு அப்பால் நடந்தவை, இங்கோ போர் மைதானத்தின் வேலிவரை வந்து ஆட்டத்தை நிறுத்தியது, அதன் பின்னரும் அதே இரு அணிகள் நாணயத்தைச் சுண்டித் தொடங்கின.

ஆண்டு தவறாமல் மோதும் அத்தகைய ஓர் எதிரணி, உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் வன்னியின் ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டும். இரண்டு அதிபர்கள் கூடி ஒரு திகதியைக் குறித்தாலே அது தொடங்கிவிடும். நெடுங்கேணியின் பழைய மாணவர்கள் அதனை இவ்வாண்டே கேட்க வேண்டும்.