சங்கத்தில் சேர்ந்தால் சட்டை கிடைக்குமா?

சிரம்பான் பாரோயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வீட்டுக்கு இரண்டு சாமான்கள் புதிதாக வரும். ஒன்று பெட்டி, மற்றொன்று கவலை. பெட்டியில் என்ன வைப்பதென்று அம்மாக்களுக்குத் தெரியும். கவலையை இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சங்கம், மன்றம், சகோதரத்துவம் பற்றியவை.

கேள்வி: ஆங்கிலப் படங்களில் வாசலில் கிரேக்க எழுத்து மாட்டிய பங்களாவில் மாணவர்கள் கும்பலாகக் குடியிருக்கிறார்களே, அது விடுதியா, சத்திரமா? நம் நாட்டில் உண்டா? (எஸ்டிபிஎம் முடித்தவர், தாமான் பாரோய் ஜெயா)

பதில்: இரண்டும் இல்லை. அதற்கு ஃப்ரடர்னிட்டி என்று பெயர். லத்தீனில் ‘ஃப்ராட்டர்’ என்றால் சகோதரன். 1776 டிசம்பர் 5ஆம் தேதி வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ‘ஃபை பீட்டா கப்பா’ என்றொரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கா விடுதலை அறிவித்து அப்போது ஐந்து மாதம்தான். நாட்டுக்கே இன்னும் பல் முளைக்கவில்லை, பிள்ளைகள் ரகசியக் கைகுலுக்கல் வைத்துக்கொண்டு சங்கம் கூட்டிவிட்டார்கள். கிரேக்க எழுத்தைப் பெயராக வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. ஃபை பீட்டா கப்பா பிற்பாடு ரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாகிவிட்டது. பங்களாவும் கூத்தும் பின்னால் வந்த தம்பிகளின் கைங்கரியம்.

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்து கிடையாது. மலாய்ச் சுருக்கெழுத்துகள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்யவே முதல் பருவம் போய்விடும்.

கேள்வி: அந்த ஃப்ரடர்னிட்டியில் சேர என்ன செய்ய வேண்டும்? (அதே வாசகர். விடமாட்டார் போலிருக்கிறது)

பதில்: கல்யாணம் செய்துகொள்கிற அத்தனை வேலையும் உண்டு. முதலில் ‘ரஷ்’. இது பெண் பார்க்கும் படலம். வீடு வீடாகப் போய்ப் பலகாரம் தின்று, பல்லைக் காட்டி, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பிடித்துப்போனால் ‘பிட்’ என்ற அழைப்பு வரும், அதுதான் நிச்சயதார்த்தம். பிறகு சில வாரம் ‘பிளெட்ஜ்’ என்ற பெயரில் வெள்ளோட்டம். சங்கத்தின் வரலாறு, நிறுவியவர்கள் பெயர், விதிகள் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சடங்கு. அது முடிந்தால் ஆயுள் உறுப்பினர். விவாகரத்து அபூர்வம்.

சடங்கு முடிந்த மறுநாளைப் படத்தில் காட்ட மாட்டார்கள். பருவத்துக்குப் பருவம் சந்தா கட்ட வேண்டும், பங்களாவில் தங்கினால் வாடகை தனி. வாராந்தரக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், கழிவறை கழுவ முறை, தர்ம காரியத்துக்கு நிதி திரட்டல் என்று வரிசையாக உண்டு. பதிலுக்குக் கிடைப்பது தோழமையும், படிப்பு முடிந்தபின் வேலைக்குச் சொல்லிவைக்கும் மூத்தவர்களின் கூட்டமும். அமெரிக்காவுக்குப் போன நம்மவர்களின் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1998இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் தெற்காசிய மாணவர்கள் ‘டெல்டா எப்சிலான் சை’ என்று தங்களுக்கென ஒன்று தொடங்கினார்கள்.

கேள்வி: மகன் விடுதிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. சீனியர் அண்ணன்கள் நள்ளிரவில் எழுப்பிப் பாடச் சொன்னார்களாம். ‘விளையாட்டும்மா’ என்கிறான். விளையாட்டுத்தானா? (ஒரு தாயார், பாரோய்)

பதில்: இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அம்மா.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசுவைச் சீனியர் மாணவர் ஜான் டேவிட் கொன்றார். நாவரசுவின் தந்தை பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தமிழ்நாடு கொதித்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கொலை வழக்கு கீழ்நீதிமன்றத்தில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று அலைந்து, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானது. கொலை நடந்து பதினைந்து ஆண்டு கழித்து. இலங்கை 1998இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரடர்னிட்டி சேர்க்கைச் சடங்கில் அளவில்லாமல் குடிக்கவைத்து ஒரு மாணவரை இழந்தார்கள். கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் அங்கே 2024 டிசம்பரில்தான் வந்தது.

நம் நாளிதழ்கள் இதைப் ‘பகடிவதை’ என்று எழுதுகின்றன. பகடியும் வதையும் ஒட்டிக்கொண்டே பிறந்தவை என்று அந்தச் சொல்லே சொல்கிறது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த மலேசியத் தண்டனைச் சட்டத் திருத்தம் பகடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. அதே பாட்டை வார்டன் முன்னால், பகல் வெளிச்சத்தில் பாடச் சொல்லுவார்களா என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். ‘மாட்டார்கள்’ என்றால் அவனை அல்ல, வார்டனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் இடைநிலைப்பள்ளியிலேயே எண் போட்ட ‘குடும்பம்’ இருக்கிறது. அடி விழுந்தால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அதுவும் சகோதரத்துவம்தானே? (படிவம் ஐந்து, தோட்டத்து மாணவர்)

பதில்: அமெரிக்கனுக்கு எழுத்து, நமக்கு எண் என்கிறீர்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் இந்த எண்களும் இருந்தன. நம் இனத்தின் பங்கு அதில் எவ்வளவு என்பது பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பேர் வந்து நிற்பது உண்மைதான். அவர்களுக்கு அடி விழும் நாளில் பதினோராவது ஆளாக நீங்கள் நிற்க வேண்டும் என்பதும் உண்மை. ஃப்ரடர்னிட்டியில் சந்தா கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இங்கே பெயரை அடிக்கமாட்டார்கள்.

கேள்வி: நெகிரி செம்பிலானிலேயே அந்நியரைச் சகோதரனாக்கும் சடங்கு ஏதும் உண்டா? (ஓய்வுபெற்ற கிராணி, சிரம்பான்)

பதில்: இருக்கிறது ஐயா, வில்லியம் அண்ட் மேரி பையன்களுக்கெல்லாம் மூத்தது. தாய்வழி நடக்கும் ‘அடாட் பெர்பாத்தே’ மரபில் 12 ‘சுக்கு’கள், அதாவது குலங்கள். வெளியாள் ஒருவரைக் குலத்தில் சேர்த்துக்கொள்வதற்குக் ‘கெடிம்’ என்று பெயர். குலத்துப் பெரியவர்கள் முன்னிலையில் விருந்து வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்துவிட்டால் குலத்துப் பெண்கள் அனைவரும் சகோதரிகள், கட்டிக்கொள்ள முடியாது. எதிர்வீட்டுப் பெண்ணின்மேல் கண் வைத்திருப்பவர் யோசித்துச் சேர வேண்டிய சங்கம் இது.

கேள்வி: வளாகத்துத் தமிழ்ச் சங்கங்களில் சேர்ந்தால் அரசியல் வம்பு வருமா? (அப்பா ஒருவர், பெயர் போட வேண்டாமாம்)

பதில்: உங்கள் பயத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1974இல் ரப்பர் விலை விழுந்து, கெடா மாநிலம் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசியில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மறு ஆண்டே 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தை (மாணவர் வாயில் ‘ஆவுகூ’) இறுக்கினார்கள். பால் வெட்டிய கைகளுக்காகப் பேசப் போய்த்தான் மாணவர் கை கட்டப்பட்டது என்பதைத் தோட்டத்து வீடுகள் நினைவில் வைத்திருக்கலாம்.

கட்டு அவிழ்ந்தது மெதுவாக. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பிரசாரக் களத்தில் இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக (யுகேஎம்) மாணவர் நால்வர் மீது பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது. 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்கு அடிப்படையான சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2012இல் மாணவர் கட்சியில் சேரலாம் என்று ஆனது. வளாகத்துக்குள் கட்சி அரசியலுக்கு இருந்த தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ஆகவே பயம் வேண்டாம். தமிழ்ச் சங்கத்தில் உங்கள் பிள்ளை எதிர்கொள்ளப்போகும் பெரிய எதிரி அரசாங்கமல்ல, ‘கெர்த்தாஸ் கெர்ஜா’. பொங்கல் விழாவுக்கு ஒரு பானை வாங்க வேண்டுமென்றாலும் நோக்கம், செலவு, பொறுப்பாளர் என்று பக்கம் பக்கமாகத் திட்ட அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் வேண்டுமென்றால் ‘மெரிட்’ புள்ளி தேவை என்பதால் பாதிப் பேர் சேருவார்கள். மொழிப்பற்றும் கட்டில்பற்றும் கலந்த கூட்டம் அது. அப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்துதான் காரியமும் நடக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும், ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பும் நாட்டின் தமிழ் எழுத்துக்கு எத்தனையோ பெயர்களைத் தந்திருக்கின்றன.

கேள்வி: இந்தச் சங்கங்களால் தோட்டத்துக்கு என்ன வந்தது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: 1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கியபோது சேருவதற்குச் சடங்கு ஏதுமில்லை. எழுதி அனுப்பினால் போதும். லயத்துப் பிள்ளை ஒன்று தன் பெயரை அச்சில் பார்த்தது. அந்த ஆசை ஊர் ஊராக மன்றங்களாகி, இளைஞர் மணிமன்றமாக வளர்ந்தது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையமும் மாணவர் உழைப்பில் ஓடிய வண்டி. வார இறுதியில் வகுப்பெடுக்க வந்த அண்ணன்மார், அக்காமாரிடம் படித்து, தானும் பல்கலைக்கழகம் போய், அடுத்த ஆண்டு அதே கரும்பலகை முன் நின்றவர்கள் உண்டு. பெட்டியும் கவலையுமாகப் போனவர்கள்தான் அவர்களும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. சங்கத்தில் சேர்ந்தால் சட்டை கிடைக்குமா? (மறுபடியும் தாமான் பாரோய் ஜெயா)

பதில்: கிடைக்கும். நிகழ்ச்சிக்கு ஒன்று, காசு நீங்கள்தான் கட்ட வேண்டும். மூன்றாண்டில் அலமாரி நிறைந்துவிடும். பட்டம் வாங்கிய பிறகு, முதுகில் ‘ஏ.ஜே.கே.’ என்று பெரிதாக அச்சடித்த சட்டையோடு உங்கள் அப்பா வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருப்பார். என்ன பதவி என்று யாராவது கேட்டால், செயற்குழு உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளட்டும்.